புதுத் துப்பாக்கி பட்டறைக்குப் போவது ஏன்?



சென்ற பள்ளி விடுமுறையின்போது ஒரு மாலை நேரம். நம் தோட்டத்துக் கோயிலை அடுத்துள்ள ஒட்டுக்கடையில் தேநீர் அருந்திக்கொண்டிருந்தோம். தொலைக்காட்சியில் ஓர் அமெரிக்கப் படம் ஓடிக்கொண்டிருந்தது. குதிரை, புழுதி, அகன்ற தொப்பி, இடுப்பில் துப்பாக்கி. பக்கத்தில் அமர்ந்திருந்த பெரியவர் ஒருவர், முன்பு தோட்டத்தில் ஜாகாவாக வேலை பார்த்தவர், நம் பக்கம் திரும்பினார்.

“வாத்தியாரையா, என் பேரன் ஒரு சேதி சொல்றான். அமெரிக்காவிலே புதுசா ரிவால்வர் வாங்குறவங்க, அதை அப்படியே கொண்டுபோய் ஒரு பட்டறைக்காரர்கிட்டே கொடுத்து, மேற்கொண்டு காசும் கொடுத்து, சரி பண்ணி வாங்கிக்குவாங்களாம். புதுச் சாமான் எப்படி ஐயா அதுக்குள்ளே ரிப்பேராகும்?”

கடையில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். பேரன் சொன்னது பொய்யல்ல. அந்த வேலைக்கு அமெரிக்காவில் ‘டியூனிங்’ என்று பெயர். வீணைக்கும் மிருதங்கத்திற்கும் சுருதி சேர்ப்பதைக் குறிக்கும் அதே சொல்தான். நம் ஊர்த் திருவிழாவில் உருமி மேளக்காரர் தோலைக் காய்ச்சிச் சுருதி கூட்டிய பின்னரே அடிக்கத் தொடங்குகிறார். மேளம் பழுதானதால் அன்று. தோலும் கட்டையும் கயிறும் ஒன்றோடொன்று இன்னும் இசையாததால். ரிவால்வரின் கதையும் ஏறக்குறைய அப்படித்தான். பெரியவருக்கு அன்று கடையில் பாதிதான் சொல்ல முடிந்தது. மீதியை இன்று உங்கள் எல்லாருக்குமாகச் சொல்கிறோம்.

பேச்சைத் தொடங்குமுன் ஒரு வார்த்தை. இது அறிவுக்காகச் சொல்லும் செய்தி. நம் மலேசிய நாட்டில் 1960ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி, உரிமம் இல்லாமல் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது குற்றம். துப்பாக்கியைப் பயன்படுத்திக் கொள்ளை போன்ற குற்றங்களைச் செய்வோர்க்கு 1971ஆம் ஆண்டின் கூடுதல் தண்டனைச் சட்டத்தின்கீழ் மரண தண்டனை வரை விதிக்க இடமுண்டு. பிள்ளைகள் கேட்டால் தாய்மார்கள் இதனையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ரிவால்வர் என்பது நம் தோட்டங்களுக்கு முற்றிலும் அந்நியமான பொருளும் அன்று. 1948ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் நாள் சுங்கை சிப்புட் பகுதியில் மூன்று ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டனர். அதனைத் தொடர்ந்து அறிவிக்கப்பட்ட அவசரகாலம் 1960 வரை நீடித்தது. அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் துரைமார்கள் ஆயுதமின்றித் தீம்பாருக்குள் காலடி வைப்பது அரிதாக இருந்தது. ஒட்டுக்கடைப் பெரியவரின் தகப்பனார் அந்நாளில் சிறப்புக் காவலராக இருந்தவர். அவர் கையில் ரைபிள், துரையின் இடுப்பில் ரிவால்வர். தகப்பனார் அடிக்கடி சொன்ன கதை ஒன்றைப் பெரியவர் எடுத்துவிட்டார். ஒரு விடியற்காலையில் ஆற்றோரம் ஒரு காட்டுப்பன்றி துரையை நோக்கிப் பாய்ந்து வந்ததாம். துரை விசையை இழுத்தார். வெடிச்சத்தம் இல்லை, ‘கிளிக்’ என்று ஓர் ஓசை மட்டும். நல்லவேளையாகப் பன்றியே வழிமாறி ஓடிவிட்டது. தகப்பனார் இதைச் சிரித்துக்கொண்டே சொல்வாராம். எதிரே நின்றது பன்றியாக இல்லாமல் துப்பாக்கி ஏந்திய மனிதனாக இருந்திருந்தால் அந்தக் ‘கிளிக்’ சிரிக்கும் கதையாகவா இருந்திருக்கும்? இந்த ஓசையை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் இதற்கே திரும்பி வருவோம்.

ரிவால்வரைப் பெருமளவில் செய்து உலகெங்கும் பரப்பியவர் அமெரிக்கரான சாமுவேல் கோல்ட். 1814இல் பிறந்தவர். பதினாறு வயதில், 1830ஆம் ஆண்டில், ‘கோர்வோ’ என்னும் பாய்மரக் கப்பலில் வேலைக்காரச் சிறுவனாகக் கல்கத்தாவுக்குப் பயணம் செய்தார். அந்தப் பயணத்தில்தான் மரத்தால் ஒரு சுழல் துப்பாக்கி மாதிரியைச் செதுக்கினார் என்று சொல்வார்கள். கப்பலின் சுக்கான் சக்கரம் சுழல்வதும் நிற்பதும் அவருக்கு அந்த எண்ணத்தைத் தந்ததாகவும் கதை உண்டு. 1836இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். முதல் தொழிற்சாலை நொடித்துப் போயிற்று. பிறகு ஹார்ட்ஃபோர்டு நகரில் அவர் எழுப்பிய பெரிய ஆலை, இயந்திரங்களால் பாகங்களை ஒரே அச்சாகச் செய்து குவிப்பதில் பேர்பெற்றது. 1851இல் இலண்டன் மாநகரில் நடந்த பெரும் பொருட்காட்சியில் அவருடைய துப்பாக்கிகளைக் கண்டு வெள்ளைக்காரர்களே வியந்தார்கள்.

ஒரு துப்பாக்கியின் பாகத்தைக் கழற்றி இன்னொன்றில் மாட்டினால் அப்படியே பொருந்தும் என்று அந்நாளில் பெருமையாகப் பேசிக்கொண்டார்கள். நடந்தது வேறு. இயந்திரத்திலிருந்து வந்த பாகங்களைத் தொழிலாளர்கள் மேசையில் அமர்ந்து, அரத்தால் இழைத்து, ஒன்றோடொன்று பொருத்தி, மாறிப் போகாமல் இருக்க ஒவ்வொன்றிலும் எண் பொறித்து முடித்தார்கள். இயந்திரம் முக்கால் வேலை செய்யும். கடைசிக் கால் பங்கைக் கைதான் செய்தது. தொழிற்சாலைக் கூலி உயர உயர அந்தக் கடைசிக் கால் பங்குக்கு முதலாளிகள் ஒதுக்கிய நேரம் சுருங்கிக்கொண்டே வந்தது. பெரியவரின் பேரன் சொன்ன பட்டறைக்காரர் இந்த இடத்தில்தான் வருகிறார். ஆலை விட்டுவைத்த வேலையை அவர் செய்து முடிக்கிறார்.

என்ன வேலை அது? ரிவால்வரின் வயிற்றுக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்தால்தான் புரியும்.

பணியாரச் சட்டியை மனத்தில் நினைத்துக்கொள்ளுங்கள். நடுக்குழியை நீக்கிவிட்டால் சுற்றிலும் ஆறு குழிகள் இருக்குமல்லவா? ரிவால்வரின் உருளையும் அப்படித்தான். வட்டமாக ஆறு அறைகள். அறைக்கு ஒரு தோட்டா. முன்னால் குழல் ஒன்றே ஒன்றுதான். ஆகவே ஒவ்வொரு முறையும் ஓர் அறை சுழன்று வந்து குழலுக்கு நேராக நிற்க வேண்டும். பின்னால் ஒரு சுத்தி. தோட்டாவின் அடிப்பாகத்தில் சிறுபிள்ளைகளின் பொட்டு வெடியைப் போல ஒரு சிறிய பொட்டு இருக்கிறது. சுத்தி அதை அடித்தால் பொட்டு தீப்பற்றும், மருந்து எரியும், குண்டு பறக்கும்.

இப்போது விசையை விரலால் இழுப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். உருளையைப் பூட்டியிருக்கும் ஒரு சிறு கொக்கி முதலில் கீழே இறங்குகிறது. அமெரிக்கர்கள் ‘கை’ என்றே பெயர் வைத்திருக்கும் ஒரு சிறு இரும்புத் துண்டு மேலெழுந்து, உருளையின் பின்புறத்துப் பற்களில் ஒன்றைத் தள்ளுகிறது. உருளை வட்டத்தில் ஆறில் ஒரு பங்கு திரும்புகிறது. கொக்கி அடுத்த பள்ளத்தில் விழுந்து பூட்டுகிறது. அதே நேரத்தில் சுத்தியும் வில்லை எதிர்த்துப் பின்னோக்கிப் போய், உச்சியில் விடுபட்டு, முன்னே பாய்கிறது. இத்தனையும் ஒரே விரல் இழுப்பில் நடக்கின்றன. விரலை விட்டதும் எல்லாம் பழைய இடத்திற்குத் திரும்பிவிட வேண்டும்; அதற்கென்று இன்னொரு வில் உள்ளே இருக்கிறது.

தொழிற்சாலையிலிருந்து வரும் ரிவால்வரில் இந்த இழுப்புக்கு ஏறத்தாழ 12 இராத்தல் விசை தேவை. அஃதாவது, கிட்டத்தட்ட ஐந்தரை கிலோ. துப்பாக்கியின் எடையோ ஒரு கிலோதான். ஒரு கிலோ எடையுள்ள பொருளைக் கையில் நீட்டிப் பிடித்துக்கொண்டு, அதன் ஒரு பாகத்தை ஐந்தரை கிலோ விசையோடு ஒரே விரலால் இழுத்தால் கை ஆடாமல் இருக்குமா? அதிலும் அந்த இழுப்பு ஒரே சீராக இல்லாமல், நடுவில் ஓரிடத்தில் சொரசொரத்து, ஓரிடத்தில் தடுக்கி, ஓரிடத்தில் திடீரென்று விடுபட்டால்? குழலின் முனை குறியை விட்டு விலகிவிடும். சுடுபவன் எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் பயனில்லை. துப்பாக்கியைப் பட்டறைக்கு அனுப்புவதற்கு முதற் காரணம் இதுதான்.

நல்ல துப்பாக்கிக் கொல்லர் முதலில் கருவியை எடுப்பதில்லை. துப்பாக்கியில் தோட்டா இல்லை என்பதை ஒன்றுக்கு இரண்டு முறை பார்த்து உறுதி செய்துகொள்வார். பிறகு காதால் கேட்பார். சுத்தியை மிக மெதுவாகப் பின்னே இழுத்து, உருளையைப் பூட்டும் கொக்கி பள்ளத்தில் விழும் ‘டிக்’ ஓசை எப்போது வருகிறது என்று கவனிப்பார். சுத்தி உச்சியை அடைவதற்குள் அந்த ஓசை கேட்டுவிட வேண்டும். இதனை ஓர் அறைக்கு மட்டும் பார்த்தால் போதாது, ஆறுக்கும் பார்க்க வேண்டும். ஐந்து அறைகள் ஒழுங்காக இருந்து ஒன்று மட்டும் பிந்தி வருவது உண்டு. உருளையின் பின்னே இருக்கும் ஆறு பற்களும் தனித்தனியே சீவப்பட்டவை. ஒன்று அரைப்புள்ளி குறைந்தாலும் அந்த அறை நேருக்கு நேர் வந்து சேராது.

வந்து சேராவிட்டால் என்னவாகும்? சுமார் 10 கிராம் எடையுள்ள ஈயக் குண்டு, நொடிக்கு 230 மீட்டர் வேகத்தில் அறையை விட்டுப் புறப்பட்டு, குழலின் வாய்க்குள் நேராக நுழையாமல் அதன் விளிம்பில் மோதும். ஓரம் சீவப்பட்டு, ஈயத் துகள்கள் பக்கவாட்டில் தெறிக்கும். பக்கத்தில் நிற்பவரின் கன்னத்தையோ கண்ணையோ அது பதம் பார்க்கலாம். ஆகையால் இந்த வேலையில் சொகுசு மட்டும் இல்லை, பாதுகாப்பும் இருக்கிறது. குழலுக்குள் சரியான கனமுள்ள ஓர் இரும்புக் கம்பியை விட்டுப் பார்த்து, அது தடங்கலின்றி ஆறு அறைகளுக்குள்ளும் இறங்குகிறதா என்றும் சோதிப்பார்கள்.

அடுத்து உருளைக்கும் குழலுக்கும் இடையே உள்ள இடைவெளி. வெளிச்சத்திற்கு நேரே பிடித்தால் அங்கே ஒரு மெல்லிய கீற்று தெரியும். 0.15 மில்லிமீட்டர் இருந்தால் நல்லது என்பார்கள். உங்கள் பிள்ளைகளின் பள்ளித் தாள் ஒன்றின் கனம் ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர், ஆக, ஒன்றரைத் தாள் கனம். இதைவிட மிகவும் அகன்றால் வெடிப்புகை பக்கவாட்டில் வீணே வெளியேறும். மிகவும் நெருங்கினாலோ, சில தோட்டாக்கள் சுட்டதும் சூடும் கரியும் சேர்ந்து உருளை உரசிச் சுற்ற மறுக்கும். உருளை முன்னும் பின்னும் ஆடினால் இந்த இடைவெளி நிலையாக இருக்காது. அதற்கு மயிரிழைக் கனமுள்ள வளையங்களை இடையே செருகி ஆட்டத்தை நிறுத்துவார்கள்.

இதன் பிறகுதான் துப்பாக்கியைத் திறப்பது. ஸ்மித் அண்ட் வெஸன் கம்பெனியின் ரிவால்வர்களில் ஒரு பக்கத்தில் மூடி இருக்கிறது. திருகாணிகளைக் கழற்றியதும் அந்த மூடியை ஆணியால் நெம்பி எடுக்கத் தோன்றும். நெம்பினால் போயிற்று; விளிம்பு வளைந்து, பிறகு வாழ்நாள் முழுதும் சரியாகப் பொருந்தாது. தேர்ந்தவர் என்ன செய்கிறார்? திருப்புளியின் மரப்பிடியால் துப்பாக்கியின் கைப்பிடிப் பகுதியைத் தட்டுகிறார். அதிர்வில் மூடி தானாகவே மேலெழுந்து வருகிறது. திருப்புளியைக்கூட ஒவ்வொரு திருகாணியின் பிளவுக்கும் ஏற்பத் தாமே தேய்த்து வைத்திருப்பார். ஒரு துப்பாக்கி நல்ல கைக்குப் போய் வந்ததா, மட்டமான கைக்குப் போய் வந்ததா என்பதைத் திருகாணித் தலைகளைப் பார்த்தே சொல்லிவிடலாம் என்று அத்தொழிலில் இருப்பவர்கள் சொல்வார்கள். நம் வீட்டுத் தையல் இயந்திரத்திற்கும் இது பொருந்தும். தாய்மார்கள் வேண்டுமானால் இன்றே போய்ப் பாருங்கள்.

உள்ளே விசையும் சுத்தியும் ஒன்றையொன்று உரசும் முகங்களில், இயந்திரம் வெட்டிய கோடுகளும் பிசிறுகளும் இருக்கும். இவைதான் இழுப்பில் நாம் உணரும் சொரசொரப்பு. அவற்றை மிக நுண்ணிய எண்ணெய்க்கல்லால் தேய்த்து வழவழப்பாக்குவார்கள். கேட்பதற்கு எளிது. ஆனால் இந்த இடத்தில்தான் கைதேர்ந்தவரும் கற்றுக்குட்டியும் பிரிகிறார்கள்.

அந்த இரும்புப் பாகங்களின் மேல்தோல் மட்டும் கடினமானது. எலும்புக்கரியும் மரக்கரியும் நிறைந்த பெட்டியில் இரும்பை அடைத்து, செந்நிறமாகக் காய்ச்சி, தண்ணீரில் அமிழ்த்துவது பழைய முறை. கரி மேலே மட்டும் ஊறுவதால் தோல் கண்ணாடியைப் போல் உறுதியாகும். உள்ளே சதை மென்மையாகவே இருக்கும். தோல் தேயாமல் காக்கும், சதை உடையாமல் தாங்கும். கல்லை இரண்டு இழுப்பு அதிகமாக இழுத்துத் தோலைத் தாண்டிவிட்டால் மென்மையான சதை வெளியே வந்துவிடும். அன்றைக்குத் துப்பாக்கி வெண்ணெய்போல் இயங்கும். சில மாதங்களில் அந்த இடம் தேய்ந்து, சுத்தி நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் நழுவத் தொடங்கும். விரல் படாமலேயே வெடிக்கும் துப்பாக்கி எவ்வளவு பயங்கரமானது! அந்தப் பாகத்தைத் தூக்கி எறிவதைத் தவிர வேறு வழியில்லை.

ரப்பர்த் தோட்டத்தில் மரம் சீவிப் பழகியவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. பட்டையை ஆழமாகச் சீவினால்தான் பால் நன்றாக வரும். ஆனால் உள்ளே இருக்கும் வளர்படலத்திற்குச் சுமார் 1 மில்லிமீட்டர் இருக்கும்போதே உளி நின்றுவிட வேண்டும். உளி அதைத் தொட்டால் மரத்தில் காயம் விழும். புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். இருட்டில், நெற்றி விளக்கின் வெளிச்சத்தில், நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான மரங்களில் அந்த ஒரு மில்லிமீட்டரைக் கை அறிந்து வைத்திருக்கிறது. அளவுகோல் வைத்து எவரும் சீவுவதில்லை. நம்முடைய ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி நாள்களில் கைவேலைப் பாடத்தில் உளி தீட்டக் கற்றபோது, தோட்டத்திலிருந்து வந்த மாணவர்களுக்கு விரிவுரையாளர் கல்லைக் காட்டியதோடு சரி, வேறொன்றும் சொல்லவில்லை. பட்டணத்துப் பிள்ளைகளுக்குத்தான் இரண்டு வாரம் சொல்லிக் கொடுத்தார். அந்தக் கர்வம் நமக்கு இன்னும் கொஞ்சம் இருக்கிறது.

சரி, வில்லுக்கு வருவோம். இழுப்பை இலகுவாக்க மிகச் சுலபமான வழி, சுத்தியின் வில்லைத் தளர்த்துவது. கல்லும் வேண்டாம், பொறுமையும் வேண்டாம். வீட்டிலேயே வில்லை நறுக்கிவிடும் அவசரக்காரர்கள் அங்கே ஏராளம். விசை இலகுவாகிவிடும், வாங்கியவருக்கு மகிழ்ச்சி. ஆனால் பொட்டைத் தீப்பற்ற வைப்பது சுத்தியின் அடி. அடிக்கு வலிமை தருவது அதே வில். வில் தளர்ந்தால் அடி மெலியும். பொட்டில் பள்ளம் விழும், தீ வராது. துரைக்குக் கேட்ட அதே ‘கிளிக்’.

ஆகவே நல்ல கொல்லர் உரசலை முதலில் குறைக்கிறார். வில்லைக் கடைசியில், அதுவும் கொஞ்சமாகவே, தொடுகிறார். உரசல் குறைந்தால் வில்லை அதிகம் தளர்த்தாமலேயே 12 இராத்தல் இழுப்பை 8, 9 இராத்தலுக்குக் கொண்டுவர முடியும். எடை குறைந்ததைவிட இழுப்பு தொடக்கம் முதல் இறுதி வரை ஒரே சீராக இருப்பதுதான் பெரிய பலன். சுட்டுப் பழகியவர்கள் எடையைப் பற்றிக் கேட்பதைவிடச் சீரைப் பற்றித்தான் அதிகம் கேட்பார்கள்.

கொல்லர் வாடிக்கையாளரிடம் கேட்கும் முதற் கேள்வியும் இதை ஒட்டியதே: “இது எதற்கு?” போட்டிக்கென்றால் இன்னும் இலகுவாக்கலாம். போட்டிக்காரர்கள் எளிதில் தீப்பற்றும் பொட்டுள்ள தோட்டாக்களைத் தேடி வாங்கிக்கொள்வார்கள். ஃபெடரல் கம்பெனியின் பொட்டுகளுக்கு அந்தப் பெயர் உண்டு. ஒன்று வெடிக்காமல் போனாலும் போட்டியில் பரிசுதான் போகும். காவல் வேலைக்கென்றால் கதை வேறு. அப்போது எந்தக் கம்பெனித் தோட்டாவும், குளிரிலும் அழுக்கிலும், தவறாமல் வெடிக்க வேண்டும். இலகுவாக்கித் தரும்படி காவலரே கேட்டாலும் ஓர் எல்லைக்குமேல் மறுத்துவிடும் கொல்லர்கள் உண்டு. பணம் கொடுக்கிறவர் கேட்டதை மறுக்கத் தெரிந்தவரிடமே நாமாக இருந்தால் வேலையைக் கொடுப்போம்.

விசை திரும்பி வரும் வில்லையும் மறந்துவிடக் கூடாது. அதனைத் தளர்த்தினால் விரலை விட்ட பிறகு விசை சோம்பேறித்தனமாகத் திரும்பும். வேகமாகச் சுடுபவரின் விரல் முந்திக்கொள்ளும்; இயக்கம் பாதியில் சிக்கிக்கொள்ளும். எவ்வளவு வேகம் என்று கேட்கிறீர்களா? எட் மெக்கிவர்ன் என்பவர் 1932ஆம் ஆண்டு தெற்கு டகோட்டா மாநிலத்தில், 15 அடி தூரத்திலிருந்து, ஐந்து குண்டுகளை 0.45 நொடியில் சுட்டார். ஐந்து ஓட்டைகளையும் ஓர் அரை டாலர் வெள்ளிக் காசால் மூடிவிடலாம் என்ற அளவுக்கு நெருக்கமாக இருந்தன. அரை நொடிக்குள் அந்த விசை ஐந்து முறை முன்னும் பின்னும் போய் வந்திருக்கிறது. உருளை ஒவ்வொரு முறையும் சரியாக வந்து பூட்டியிருக்கிறது. அவர் மின்சாரக் கருவிகளைக் கொண்டு நேரத்தை அளந்து, உள்ளியக்கத்தை ஆராய்ந்து, 1938இல் பெரிய நூலொன்றே எழுதினார். 1999இல் ஜெர்ரி மிகுலெக் என்பவர் ஆறு குண்டுகளைச் சுட்டு, காலி உறைகளைக் கொட்டி, புதிய ஆறு தோட்டாக்களைப் போட்டு, மீண்டும் ஆறையும் சுட்டு முடிக்க எடுத்துக்கொண்ட நேரம் 2.99 நொடி. நாம் சட்டைப் பொத்தான் ஒன்றைப் போடுவதற்குள் பன்னிரண்டு குண்டுகள்!

எல்லா ரிவால்வரும் ஒரே மாதிரி இருப்பதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஸ்மித் அண்ட் வெஸன் 1899இல் வெளியிட்ட .38 ரிவால்வரும் அதன் வழிவந்தவையும் அமெரிக்கக் காவலர் இடுப்பில் தலைமுறை தலைமுறையாகத் தொங்கியவை. அவற்றைச் சீர்செய்யத் தெரிந்த கொல்லர்கள் நிறையப் பேர். கோல்ட் கம்பெனி 1955இல் கொண்டுவந்த ‘பைத்தான்’ வேறு வகை. மலைப்பாம்பின் பெயரைக் கொண்ட அது, கையால் இழைத்துப் பொருத்துவதற்கே பேர்போனது. விசையை இழுத்துப் பிடித்திருக்கும்போது அதன் உருளை அசையாமல் இறுகி நிற்கும். அந்த இறுக்கத்தின் பாரத்தை நாம் முன்பு சொன்ன ‘கை’ தாங்குவதால் அது நாளடைவில் தேய்ந்து நேரம் பிந்தும். அதைச் சீர்செய்ய அறிந்தவர்கள் மிகச் சிலரே. கைவேலைக் கூலி கட்டுப்படியாகாமல் அந்த உற்பத்தி குறைந்து நின்றே போயிற்று. 2020இல் அதே பெயரில், உள்ளியக்கத்தை மாற்றி எளிதாக்கி, மீண்டும் கொண்டுவந்தார்கள்.

இந்த வித்தையை எங்கே கற்கிறார்கள்? முன்பெல்லாம் பட்டறையில் எடுபிடியாகச் சேர்ந்து, மூத்தவர் கையைப் பார்த்துக் கற்றார்கள். கொலராடோ மாநிலத்தில் டிரினிடாட் என்னும் சிற்றூரில் உள்ள அரசுக் கல்லூரி 1947ஆம் ஆண்டு முதல் துப்பாக்கிக் கொல்லர் கல்வி நடத்தி வருகிறது. போர் முடிந்து வீடு திரும்பிய காலம் அது. தொழிலாக நடத்துவதற்கு 1968ஆம் ஆண்டுச் சட்டப்படி மத்திய அரசின் உரிமம் வாங்க வேண்டும். துப்பாக்கி மலிந்த நாட்டிலும் அதனைத் திறந்து மூடும் தொழிலுக்குக் கணக்கு வழக்கு இருக்கிறது.

இன்று அங்கேயும் காவலர்கள் ரிவால்வரை விட்டு, பிடிக்குள் தோட்டாப் பெட்டி செருகும் தானியங்கித் துப்பாக்கிக்கு மாறிவிட்டார்கள். நியூயார்க் நகரக் காவல்துறை 2018இல் தன் கடைசி ரிவால்வர்களையும் ஓய்வு பெற வைத்தது. ரிவால்வர் கொல்லர்களிடம் இப்போது வருவோர் பெரும்பாலும் போட்டிக்காரர்களும், தகப்பன் பாட்டன் வைத்திருந்ததைப் பழுது பார்க்க வருவோரும்தான். தேர்ந்த சிலரிடம் வேலைக்குக் கொடுத்தால் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

அடுத்த வாரம் அதே ஒட்டுக்கடையில் பெரியவருக்கு இவ்வளவையும் சொல்லி முடித்தோம். அவர் பேசுவதற்குள் அவர் மனைவி குறுக்கிட்டார். முப்பது ஆண்டுகள் மரம் சீவியவர். “இதுக்கா ஒரு வாரம் யோசிச்சீங்க? கடையிலே வாங்கின புது உளியை யாராவது அப்படியே எடுத்துக்கிட்டு நிரைக்குப் போவாங்களா? ராத்திரி உட்கார்ந்து கல்லிலே தீட்டித்தானே கொண்டு போவோம்” என்றார். பெரியவர் அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. அவர் மனம் வேறெங்கோ இருந்தது.

“அப்போ அந்தத் துரை துப்பாக்கியிலே வில்லுதான் தளர்ந்துபோயிருக்குமோ, ஐயா?”

இருக்கலாம் என்றோம். தோட்டா ஈரத்தில் ஊறியும் இருக்கலாம். நம் நாட்டு மழைக்கும் வியர்வைக்கும் அது அதிசயமில்லை. வெடிக்காத தோட்டாவை எடுத்து அதன் பொட்டைப் பார்த்திருந்தால் ஓரளவு தெரிந்திருக்கும். பள்ளம் ஆழமாக இருந்தால் சுத்தி தன் வேலையைச் செய்திருக்கிறது, குற்றம் தோட்டாவில். பள்ளம் மேலோட்டமாக இருந்தால் வில்லைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

பெரியவர் கொஞ்ச நேரம் தேநீரையே பார்த்துக்கொண்டிருந்தார். “அந்தத் தோட்டாவைத் துரை அப்பவே கோபத்திலே ஆத்துலே வீசிட்டாராம்” என்றார்.